பூட்ஸைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். ஓமனில் ஹைமாவைச் சுற்றியுள்ள பகுதியில் சர்வேயராக இருக்கிறேன். தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் நடை. பெரும்பாலும் சரளைத் தரை, சில வாரங்கள் மணல்மேட்டு ஓரம், எப்போதாவது சப்கா எனப்படும் உப்புச் சதுப்பு. மஸ்கட்டில் ஒரு மாலில் 'டெசர்ட் பூட்ஸ்' என்று எழுதியிருந்த ஸ்வேட் பூட்ஸ் வாங்கினேன். போட்டதும் மெத்தென்று இருந்தது. இரண்டே மாதத்தில் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சோல் கறுத்துப் பிசுபிசுத்துப் போனது. அடுத்து ஆன்லைனில் ராணுவ நிறத்தில் எட்டு இன்ச் பூட்ஸ், பக்கவாட்டில் ஜிப் வைத்தது. மூன்றாம் மாதம் சோல் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். துளையிடும் ரிக் பக்கம் போகும்போது கம்பெனி சேஃப்டி ஷூ போட்டாக வேண்டும்; அது கனமாகவும் சூடாகவும் இருக்கிறது. மாலையில் உள்ளங்கால் எரிகிறது, சுண்டுவிரலில் கொப்புளம். 40 ரியால் வரை செலவு செய்யலாம். எதை வாங்குவது? டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், ஆம்பூரில் வாங்கிக்கொண்டு போகலாமா?
– ஓமனிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழன்ற சோலின் உட்பக்கம் பசை மஞ்சளாக, பளபளவென்று, வழித்துவிட்டதுபோல இருக்கிறது. அதில் ஒரு தோல் நார்கூட ஒட்டியிருக்கவில்லை. சரியாக ஒட்டிய சோலை இழுத்துப் பிய்த்தால் பசை விடாது. தோல்தான் கிழிந்து நாரோடு வரும். ஒட்டுவதற்கு முன் தோலின் அடி விளிம்பைச் சுரண்டிச் சொரசொரப்பாக்க வேண்டும். ரஃபிங் என்று சொல்வோம். உங்கள் பூட்ஸில் அதை ஒழுங்காகச் செய்யவில்லை. பசையை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலக்காமல் விட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஹார்டனர் விஷயம் உங்கள் ஊர் வெயிலுக்கு ரொம்ப முக்கியம். சோல் ஒட்டும் பாலியூரித்தேன் பசையைத் தடவிக் காயவைத்த பிறகு, சூடு காட்டி மறுபடி இளகவைத்துத்தான் பிரஸ்ஸில் அழுத்துகிறோம். அந்தச் சூடு ஏறக்குறைய 60, 70 டிகிரி. கோடையில் ஓமனில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஏறுவதும் கிட்டத்தட்ட அதே சூடுதான். மதிய நேரத்து மணலின் மேற்பரப்பும் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். ஹார்டனர் கலந்த பசை ஒருமுறை இறுகிவிட்டால் இந்தச் சூட்டுக்கு அசையாது. கலக்காத பசையோ, பூட்ஸை வண்டியில் போட்டு வைக்கும் ஒவ்வொரு மதியமும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அந்த நிலையில் ஒரு கல்லில் கால் இடறினால் போதும், முனை வாய் பிளந்துவிடும்.

கடைக்குப் போனால் எல்லோரும் தோலைத்தான் தடவிப் பார்க்கிறோம். நிறம், தையல், உயரம் எல்லாம் பார்க்கிறோம். ஆனால் பாலைவனத்தில் முதலில் சாவது அடிப்பாகம். தோல் நன்றாக இருக்கும்போதே சோலும் பசையும் போய்விடுகின்றன. அதனால் பூட்ஸை எடுத்தவுடன் கவிழ்த்துப் பாருங்கள். தோலைப் பற்றிய யோசனை அதற்கு அப்புறம்.

உங்கள் முதல் ஜோடிக்கு வருகிறேன். டெசர்ட் பூட்ஸ் என்ற பெயரில் கடையில் இரண்டு வேறு வேறு பொருட்கள் விற்கின்றன. ஒன்று, கணுக்கால் உயரத்தில், கயிறு கோர்க்கும் இரண்டு ஜோடிக் கண்களோடு, கிரீப் சோல் வைத்த ஸ்வேட் பூட்ஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவில் இருந்த நேதன் கிளார்க் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சக அதிகாரிகள் கெய்ரோ சந்தையில் செய்து வாங்கிய பூட்ஸைப் பார்த்து அந்த மாதிரியை எடுத்துக்கொண்டார். அவருடைய குடும்பத்தின் கிளார்க்ஸ் கம்பெனி வழியாக அது 1949-இல் சிகாகோ காலணிக் கண்காட்சிக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. அழகான பூட்ஸ்தான், நகரத்தில் போட்டுக்கொள்ள அருமையாக இருக்கும். ஆனால் அதன் கிரீப் சோல் வல்கனைஸ் செய்யாத இயற்கை ரப்பர். ரப்பர்ப் பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளைகளில் கொடுத்துத் தாள் தாளாக்கி, காயவைத்து அடுக்கினால் கிரீப். இலங்கை இந்த சோல் கிரீப்புக்குப் பேர்போன இடம். வல்கனைஸ் செய்யாத, அதாவது கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் என்பதால் காலுக்கு மெத்தென்று இருக்கும். அதே காரணத்தால் சூட்டில் இளகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், டீசலோ எண்ணெயோ பட்டால் ஊறிப்போகும். உங்கள் சோல் கறுத்துப் பிசுபிசுத்ததும் அதனால்தான். பூட்ஸில் குறை இல்லை. சரளைக்காட்டு வேலைக்கு அதை எடுத்ததுதான் பொருந்தவில்லை.

அந்த ஜோடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தோல் நன்றாக இருந்து, விளிம்பைச் சுற்றி வெளியே தையல் தெரிந்தால், அப்பரை, அதாவது மேல்தோலை, வெளிப்பக்கம் மடித்துத் தைத்த பூட்ஸ் அது. தேய்ந்த கிரீப்பை அறுத்து எடுத்துவிட்டு வல்கனைஸ் செய்த ரப்பர் சோல் போட்டுத் தருவார்கள். கேம்ப்பிலும் ஊருக்குள்ளும் போட அருமையான பூட்ஸ் கிடைத்துவிடும்.

இரண்டாவது பொருள் ராணுவ வகை. அமெரிக்க ராணுவத்தின் உடை விதி இதற்கு எட்டு முதல் பத்து இன்ச் உயரம், சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி தைத்த மாட்டுத்தோல், முனையில் கூடுதல் தையல் இல்லாத வடிவம் என்று கேட்கிறது. ஜிப் வைத்தால் விதிக்குள் வராது. பெல்வில், ஆல்டமா போன்றவர்கள் இந்த வகையில் நெடுநாளாகச் செய்கிறார்கள். நீங்கள் வாங்கியது இதன் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்ட நகல். மணல் புகுந்தால் ஜிப்பின் பற்கள் முதலில் அடைபடும், அப்புறம் தேயும். பாலைவன வேலைக்கு ஜிப் வேண்டவே வேண்டாம்.

சரி, எந்த சோல் வாங்குவது? தரையில் படும் அவுட்சோல் வல்கனைஸ் செய்த ரப்பராக இருப்பதுதான் என் முதல் தேர்வு. அது சூட்டில் இளகாது, கல்லில் மெதுவாகத் தேயும். விலை குறைந்த பூட்ஸில் டிபிஆர் என்று ஒன்று வரும். பார்க்க ரப்பர்போல இருக்கும், ஆனால் அது சூடு பட்டால் இளகுகிற வகை. குளிர்நாட்டுத் தெருவில் தாக்குப்பிடிக்கலாம், கொதிக்கிற சரளையில் சீக்கிரம் வழுவழுத்துப் போகும். அடிமுழுக்க ஈவிஏ நுரை வைத்தவை லேசாக இருக்கும். நாளாக ஆக சூட்டிலும் கனத்திலும் நசுங்கித் தட்டையாகிவிடும். நடு அடுக்கான மிட்சோலில் ஈவிஏ இருக்கலாம், தரையில் படுவது ரப்பராக இருக்க வேண்டும்.

மிட்சோல் பியு, அதாவது பாலியூரித்தேன் நுரையாக இருந்தால் நடைக்குச் சுகம், நசுங்கவும் நசுங்காது. ஆனால் அதற்கு ஒரு வியாதி உண்டு. காற்றின் ஈரம் அதன் வேதிப் பிணைப்பை உள்ளுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். சில வருடம் பெட்டிக்குள் கிடந்த பூட்ஸ், ஒருநாள் எடுத்துப் போட்டால் நமுத்த ரஸ்க்போல உதிர்ந்துவிடும். வெளியில் பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும், அதுதான் இதில் ஆபத்து. தள்ளுபடி விலையில் நல்ல பிராண்டு கிடைக்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் பழைய சரக்கு. ஹைமா காய்ந்த ஊர்தான்; ஆனால் மஸ்கட் கிடங்கில் கடற்கரைப் புழுக்கத்தில் எத்தனை கோடை கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? நாக்கின் உட்பக்கத்து லேபிளிலோ, சோலின் அடியில் கடிகார முகம்போல அச்சான வட்டத்திலோ உற்பத்தி மாதமும் வருடமும் இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழையதென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சோல் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம். முன்பாதத்தை நன்றாக மடக்குங்கள். மடக்கிய நிலையில் தோலும் சோலும் சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்து, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து முனைவரை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்கேயாவது உள்ளே இறங்கினால் அந்த ஜோடி வேண்டாம். மடியும் இடத்தையும் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடிய வேண்டும். பாதத்தின் நடுவில் மடிந்தால் உள்ளே ஷாங்க் என்ற விறைப்பான பட்டை இல்லை என்று அர்த்தம். சரளையில் நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் தெரியும். தைத்த சோல் கிடைத்தால் நல்லது, தேய்ந்தால் மாற்றலாம். பியுவை நேரடியாக அச்சில் ஊற்றி அப்பரோடு பிடிக்கவைத்த சோலும் நம்பகமானதே, அங்கே தனிப் பசை கிடையாது. ஒட்டு சோல் என்றால் மட்டும் நகச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

பாலைவனம் என்றதும் மணல்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் பக்கத்து ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளி பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் சரளை என்பது அங்கே நடக்கிற உங்களுக்குத் தெரியும். கல் தரைக்கு விறைப்பான அடியும் கெட்டியான ரப்பரும் வேண்டும். மணலுக்கு லேசான, அகலமான, ஆழம் குறைந்த பள்ளமுள்ள சோல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஜோடி என்றால் கல்லுக்குத் தகுந்ததை எடுத்துவிட்டு, மணலுக்கு கணுக்காலைச் சுற்றிக் கட்டும் துணி கெய்ட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சோலின் பள்ளங்கள் ரொம்ப ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கக் கூடாது. சின்னக் கல் மாட்டிக்கொள்ளும்.

இப்போது தோல். ஸ்வேட் என்ற ஒரே பெயரில் இரண்டு தரம் விற்கிறது. மாட்டுத்தோலைத் தடிப்பின் நடுவே இரண்டு அடுக்காகப் பிளந்தால் மேல்பாதியில் நார்கள் நெருக்கமாக இருக்கும், கீழ்ப்பாதி தளர்ந்திருக்கும். கீழ்ப்பாதிதான் ஸ்ப்ளிட். மேல்பாதியை அப்படியே திருப்பி, வழவழப்பான பக்கம் உள்ளே போகும்படி தைப்பது நல்ல ராணுவ பூட்ஸில் வருவது. வெளியே இரண்டும் ஒரே மாதிரி பஞ்சு பஞ்சாகத்தான் தெரியும். நாக்கிலோ கழுத்துப் பகுதியிலோ லைனிங் இல்லாத ஓர் இடம் தேடி உட்பக்கத்தைப் பாருங்கள். வழவழப்பாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருந்தால் மேல்பாதி. இரண்டு பக்கமும் பஞ்சாக இருந்தால் ஸ்ப்ளிட். தடிப்பு 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும்.

நாக்கு இரண்டு பக்கமும் அப்பரோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் மணல் அந்த வழியாகத்தான் இறங்கும். பக்கவாட்டில் ஓட்டை வைத்த பூட்ஸை 'காற்றோட்டம்' என்று சொல்லி விற்பார்கள். அது வியட்நாம் காட்டுக்காக, தண்ணீர் வடிய வைத்த ஓட்டை. 1991 வளைகுடாப் போரில் அந்தக் காட்டு பூட்ஸோடு பாலைவனத்துக்கு வந்த அமெரிக்கப் படையினருக்கு ஓட்டை வழியாக மணல் புகுந்தது. முள் குத்தாமல் இருக்க சோலுக்குள் வைத்திருந்த எஃகுத் தகடும் சூட்டைக் காலுக்குக் கடத்தியது. பிறகு செய்த பாலைவன பூட்ஸில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கோர்டெக்ஸ் மாதிரியான நீர்புகாத சவ்வு வைத்ததும் வேண்டாம், உங்களுக்கு மழை பிரச்சினை இல்லை, வியர்வைதான் பிரச்சினை. ஆறு இன்ச் உயரம் உங்கள் நடைக்குப் போதும். எட்டு இன்ச் எடுத்தால் மேல்பாதி துணியாக இருப்பதைப் பாருங்கள்.

சேஃப்டி ஷூ பற்றிச் சொன்னீர்கள். ரிக் பக்கம் அதைக் கழற்றாதீர்கள், எவ்வளவு சூடாக இருந்தாலும். அங்கே வேறு பூட்ஸோடு போவது உயிரோடு விளையாடுவது. ஆனால் அதற்குள்ளேயே நல்லது கேட்டு வாங்கலாம். ஐஎஸ்ஓ 20345 என்ற தரத்தில் முனை மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதை எஃகுக்குப் பதிலாக காம்போசிட்டில், அதாவது இழை கலந்த பிளாஸ்டிக்கில் செய்தாலும் இதே சோதனைதான். காம்போசிட் எடை குறைவு, சூட்டைக் கடத்தாது. ஆணி குத்தாத தடுப்பிலும் எஃகுத் தகட்டுக்குப் பதில் நெய்த துணி அடுக்கு வருகிறது. அப்புறம் லேபிளில் இரண்டு குறிகளைத் தேடுங்கள். எச்ஆர்ஓ (HRO) இருந்தால் அவுட்சோல் 300 டிகிரித் தொடுசூட்டை ஒரு நிமிடம் தாங்கும். எச்ஐ (HI) இருந்தால், 150 டிகிரிச் சூட்டின்மேல் அரைமணி நேரம் வைத்தாலும் உள்ளே சூடு ஏறுவது 22 டிகிரியைத் தாண்டாது. உங்கள் உள்ளங்காலுக்கு வேண்டியது இந்த இரண்டாவது குறி. பாதுகாப்பு அலுவலரிடம் இந்தக் குறிகளை எழுதிக் கொடுத்தே கேளுங்கள். "ஷூ சூடாக இருக்கிறது" என்று வாயால் சொல்வதைவிட அதற்கு மரியாதை அதிகம்.

கொப்புளத்துக்கு வருவோம். சுண்டுவிரலில் வருகிறதென்றால் முன்பாதம் நெருக்குகிறது. வெறுங்காலிலும் ரப்பர்ச் செருப்பிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாக இருக்கும். ஐரோப்பிய லாஸ்ட்டில், அதாவது கால் வடிவ அச்சில் செய்த சாதாரண அகல பூட்ஸ் அங்கே பிடிக்கும். அப்போது ஒரு சைஸ் நீளமாக எடுத்துச் சமாளிப்பார்கள். குதிகால் ஆடி அங்கே புதிய கொப்புளம் வரும். நீளத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கேளுங்கள்; வைட் என்றோ எச் (H) என்றோ லேபிளில் இருக்கும். மாலையில், நடந்து வீங்கிய காலோடு, வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போய் போட்டுப் பாருங்கள். இரண்டு கால்களில் பெரியதற்கு அளவெடுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடையில் சரிவு இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடிக்கக் கூடாது. வாங்கியதும் நேராக வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு வாரம் சாயங்காலத்தில் கேம்ப்புக்குள் நடந்து பழக்குங்கள்.

பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஈரத் தோல்தான் சீக்கிரம் உரியும். மெரினோ கம்பளி கலந்ததை வாங்குங்கள். வெயிலூரில் கம்பளியா என்று தோன்றும், மெல்லியது எடுத்தால் அதுதான் ஈரத்தை வெளியே தள்ளும். மதிய ஓய்வு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி, கால் துடைத்து, வேறு சாக்ஸ் மாற்றுங்கள். ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 12:30 முதல் 3:30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறதே, அந்த நேரம் காலுக்கும் ஓய்வாக இருக்கட்டும்.

உள்ளங்கால் எரிச்சல் இரவு தூங்கும்போதும் இருக்கிறதா என்று கவனியுங்கள். நடக்கும்போது மட்டும் என்றால் பூட்ஸ்தான் காரணமாக இருக்கும். படுத்த பிறகும் எரிந்தாலோ, மரத்துப்போனாலோ சர்க்கரைப் பரிசோதனை செய்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

40 ரியாலையும் ஒரே ஜோடியில் போடவேண்டாம். கொஞ்சத்தை நல்ல சாக்ஸுக்கும், கழற்றி மாட்டும் கூடுதல் இன்சோலுக்கும் ஒதுக்குங்கள். நாள்முழுக்க வியர்வையில் ஊறிய பூட்ஸ் ஒரே ராத்திரியில் முழுசாகக் காயாது. இரண்டு ஜோடி இருந்து மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டுமே நீண்ட நாள் வரும். இரண்டு ஜோடிக்கு வழியில்லையா, இன்சோலையாவது தினமும் மாற்றுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், தோலுக்குள் பதனிடும்போது ஏற்றிய எண்ணெய் வற்றித் தோல் வெடிக்கும். நிழலில், காற்றில் வையுங்கள். வண்டிக்குள் விடவே வேண்டாம். சப்காவுக்குப் போய் வந்த அன்றே ஈரத் துணியால் உப்பைத் துடையுங்கள். உப்பு காய்ந்தால் தோலை விறைக்கவைத்துத் தையல் ஓரத்தில் கீறல் விடும். ஸ்வேட்டில் எண்ணெய் தடவ வேண்டியதில்லை, பிரஷ் போதும். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். தேளுக்கு பூட்ஸின் உட்புறம் பிடித்த இடம்.

ஆம்பூரில் தாராளமாக வாங்கலாம். ஏற்றுமதிக்குச் செய்து மிஞ்சியவையும், சின்னக் குறைக்காகக் கழித்தவையும் இங்குள்ள கடைகளில் கிடைக்கும். அந்தத் தோலை அங்கே அந்த விலைக்கு உங்களால் வாங்க முடியாது. ஆனால் பெரும்பாலும் ஐரோப்பாக் குளிருக்குச் செய்தவை. உள்ளே ரோமம், தடித்த பஞ்சு, நீர்புகாத சவ்வு இருந்தால் விட்டுவிடுங்கள். கழித்த சரக்கில் இடதும் வலதும் ஒரே சைஸா என்று இரண்டையும் போட்டு நடந்து பாருங்கள், ஒன்றை மட்டும் போட்டு முடிவு செய்யாதீர்கள். ஏன் கழித்தார்கள் என்று கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். நிறத் திட்டு, தோலில் பழைய காயத் தழும்பு என்றால் தயங்காமல் எடுங்கள். சோல் ஒட்டில் குறை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சேஃப்டி ஷூவை மட்டும் இங்கே வாங்காதீர்கள். உங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்கிற தரக்குறி எது என்று அங்கேயே கேட்டு, அங்கேயே வாங்குவதுதான் சரி.